வலை வடிவமைப்பு, வலை உருவாக்கம்: கல்லூரிப் படிப்பைத் தேர்ந்தெடுத்துப் படித்து முடிக்க முழுமையான வழிகாட்டி

வலைத்தளம் அமைக்கக் கற்றுத்தரும் படிப்புகளுக்குக் கல்லூரிகள் வைத்திருக்கும் பெயர்கள் ஏராளம். வலை வடிவமைப்பு, வலைத் தொழில்நுட்பம், மல்டிமீடியா, கணினிப் பயன்பாட்டியல், ஃபுல் ஸ்டாக் டெவலப்மென்ட் என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒரே பெயர் கொண்ட இரண்டு படிப்புகளில் பாதிப் பாடங்கள்கூட ஒத்துப்போகாமல் இருக்கலாம். வெவ்வேறு பெயர் கொண்ட இரண்டு படிப்புகள் ஒரே பாடத்தைச் சொல்லித்தரலாம். ஆகவே பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். அங்கே படிப்பவர்கள் தங்கள் கையால் எதைக் கட்டி முடிக்கிறார்கள் என்று பாருங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சிதான்.

முதல் படி: உங்கள் நாட்டம் எந்தப் பக்கம்?

வடிவமைப்பாளர் ஒரு தளத்தின் தோற்றத்தையும், அதைப் பயன்படுத்துபவர் எந்த வழியாக எங்கே போவார் என்பதையும் தீர்மானிக்கிறார். உருவாக்குநர் அதை இயங்கவைக்கிறார். வேலைகள் ஒன்றோடொன்று பின்னியிருந்தாலும், கல்லூரிப் பாடங்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் தளம் ஒன்றைத் திறந்து நிதானமாகப் பாருங்கள். எழுத்து நெருக்கமாக இருப்பதும், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று புரியாததும் உங்களை உறுத்தினால், உங்கள் மனம் வடிவமைப்பின் பக்கம் இருக்கிறது. படிவத்தை அனுப்பியதும் அந்தத் தகவல் எங்கே போகிறது, மறுமுறை நுழையும்போது தளம் நம்மை எப்படி அடையாளம் காண்கிறது என்று யோசிக்கத் தோன்றினால் உருவாக்கத்தின் பக்கம். இரண்டும் தோன்றுகிறவர்களுக்கு, உலாவியில் தெரியும் பகுதியை நிரலாக எழுதும் முன்முனை வேலை பொருத்தமாக இருக்கும்.

ஓவியம் வராது என்று வடிவமைப்பையும், கணிதம் வராது என்று உருவாக்கத்தையும் ஒதுக்குகிறவர்கள் பலர். இரண்டுமே தேவையற்ற அச்சம். வலை வடிவமைப்புக்கு வேண்டியது எழுத்துரு, இடைவெளி, நிறம், வரிசை ஆகியவற்றைக் கவனிக்கும் கண். அது பயிற்சியில் வரும். வலை உருவாக்கத்தின் பெரும்பகுதிக்குப் பள்ளிக் கணிதமே போதும். பிழை எங்கே இருக்கிறது என்று சலிக்காமல் தேடும் பொறுமைதான் அதைவிட முக்கியம்.

இரண்டாம் படி: சான்றிதழா, பட்டயமா, பட்டமா?

சான்றிதழ் படிப்புகள் சில மாதங்களில் முடிந்துவிடும். ஏற்கெனவே வேறு பட்டமோ வேலையோ கையில் இருப்பவர்களுக்கு அவை ஏற்றவை. பட்டயப் படிப்பு கைவேலைக்கு அதிக நேரம் ஒதுக்கும். பட்டப்படிப்பில் தரவுக் கட்டமைப்புகள், இயக்க முறைமைகள், கணினி வலையமைப்பு போன்ற அடித்தளப் பாடங்களும் சேர்ந்து வரும். மேற்படிப்பு எண்ணமோ, பட்டத்தை நிபந்தனையாக வைக்கும் நிறுவனங்களில் சேரும் எண்ணமோ இருந்தால் பட்டப்படிப்புக்குப் போங்கள். பட்டயத்தில் சேர்வதாக இருந்தால், பிறகு அதே மதிப்பெண்களோடு பட்டப்படிப்பின் இடை ஆண்டில் சேர வழி உண்டா என்று சேர்க்கையின்போதே கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பாடத்திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். விளம்பரக் கையேட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, பருவவாரியான முழுப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கும் கல்லூரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

முதலில் பழமையின் அடையாளங்களைத் தேடுங்கள். அசைவுப் படங்களுக்கான பழைய ஃபிளாஷ் மென்பொருள் ஒரு பாடமாக இன்னும் இருக்கிறதா? அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பக்க அமைப்புக்கு அட்டவணைக் குறிச்சொற்களைப் பயன்படுத்தச் சொல்லித்தருகிறார்களா? பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் அந்த வேலைக்கென்றே கிரிட் என்ற அமைப்பு முறை 2017 மார்ச்சில் முக்கிய உலாவிகளுக்கு வந்துவிட்டது. அது பாடத்திட்டத்தில் இல்லையென்றால், அதை எழுதியவர்கள் பல ஆண்டுகளாக அதைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று பொருள். பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிப் பகுதியில் 2015-இல் வந்த பெரிய திருத்தத்தின் அம்சங்களான லெட், கான்ஸ்ட், பிராமிஸ், மாட்யூல் ஆகியவை இடம்பெற்றிருக்க வேண்டும்.

அடுத்தது வரிசை. பக்கத்தின் உள்ளடக்கத்தைக் குறிச்சொற்களால் எழுதும் எச்டிஎம்எல், பிறகு சிஎஸ்எஸ், பிறகு ஜாவாஸ்கிரிப்ட், அதன்பின் சர்வரும் தரவுத்தளமும், எல்லாவற்றுக்கும் பிறகே ரியாக்ட் போன்ற சட்டகங்கள், அதாவது தளம் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகள். முதல் பருவத்திலேயே சட்டகத்தில் தொடங்குகிறோம் என்பதைப் பெருமையாகச் சொல்லும் படிப்புகள் உண்டு. எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை இல்லை. அடிப்படை தெரியாமல் சட்டகத்தில் வேலை செய்பவர், ஏதேனும் உடைந்தால் எந்த அடுக்கில் உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் திணறுவார்.

அடிப்படைக்கு இவ்வளவு அழுத்தம் தருவதற்கு வலையின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் செர்ன் ஆய்வகத்தில் வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993-இல் செர்ன் அந்தத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஹோகோன் வியூம் லீ 1994-இல் முன்மொழிந்த சிஎஸ்எஸ், 1996-இல் பரிந்துரையாக வெளிவந்தது. பிரெண்டன் ஐக் 1995-இல் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கினார். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்று மொழிகளும் பழையதை உடைக்காமல் வளர்ந்திருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய எளிய எச்டிஎம்எல் பக்கம் இன்றைய உலாவியிலும் திறக்கும். அந்த இடைவெளியில் எத்தனையோ கருவிகளும் சட்டகங்களும் வந்து போய்விட்டன. நீங்கள் படிக்கத் தொடங்கும்போது புகழோடு இருக்கும் சட்டகம், படித்து முடிக்கும்போது அதே இடத்தில் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

மூன்றாவதாக, அணுகல்தன்மை எங்கே வருகிறது என்று பாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர், சுட்டியைப் பிடிக்க முடியாதவர், காது கேளாதவர் என எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதுதான் அது. இதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல்களை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடுகிறது. 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. கடைசிப் பருவத்தில் ஒரே ஒரு விரிவுரையாக இதை ஒதுக்கியிருந்தால், பெயருக்குச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல படிப்பில் இது முதல் வாரத்து எச்டிஎம்எல் வகுப்பிலேயே தொடங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. திரையில் ஒரு பொத்தான் வேண்டும். அதைப் பட்டன் குறிச்சொல்லால் எழுதலாம். வெறும் பெட்டியான டிவ் குறிச்சொல்லுக்கு நிறமும் வட்ட விளிம்பும் கொடுத்துப் பொத்தான் போலவும் காட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விசைப்பலகையில் டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனால் பட்டனில் கவனம் நிற்கும், என்டர் அழுத்தினால் இயங்கும், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அதைப் பொத்தான் என்று அறிவிக்கும். டிவ்வை டேப் விசை கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். திரைவாசிப்பானுக்கு அது வெறும் எழுத்து. இந்த வேறுபாட்டை முதல் பருவ மாணவர் செய்துகாட்டி விளக்குகிறார் என்றால், அந்தக் கல்லூரியில் சரியான ஆசிரியர் இருக்கிறார்.

நிறத்திலும் இதே நுணுக்கம் உண்டு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாட்டு விகிதம் இருக்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜியின் இடைநிலைத் தகுதி. வெள்ளைப் பின்புலத்தில் 777777 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறம் 4.48 பெற்றுத் தோற்கிறது. 767676 ஏறத்தாழ 4.54 பெற்றுத் தேறுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல். கண்ணை மட்டும் நம்பாமல் அளந்து பார்க்கப் பழக்குவதுதான் வடிவமைப்புப் பாடத்தின் வேலை.

நான்காவதாக, பதிப்புக் கட்டுப்பாடு, அதாவது நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைப்பது. அதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கிட் என்ற கருவி இன்று மென்பொருள் குழுக்களில் எங்கும் புழங்குகிறது. ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புறைகளைச் சேர்த்துக்கொண்டே போகும் பழக்கத்தோடு ஒருவர் பட்டம் வாங்கிவிடக் கூடாது. இரண்டாம் பருவத்துக்குள் கிட் வந்துவிட வேண்டும்.

நான்காம் படி: கல்லூரியிடம் கேளுங்கள், மாணவர் தளங்களைச் சோதியுங்கள்

சேர்க்கை அலுவலகத்தில் விசாரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். பாடம் நடத்தும் ஆசிரியரிடமும் கடைசி ஆண்டு மாணவர் ஒருவரிடமும் பேச அனுமதி கேளுங்கள். மாணவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘நீங்கள் கட்டிய தளத்தின் முகவரியைத் தர முடியுமா?’

முகவரி கிடைத்ததும் அந்தத் தளத்தைக் கைபேசியில் திறந்து, பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஈத்தன் மார்க்காட் 2010-இல் ரெஸ்பான்சிவ் வடிவமைப்பு என்ற கருத்துக்குப் பெயரிட்டு எழுதிய பிறகு, திரைக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளாத தளத்துக்கு நியாயம் சொல்ல இடமில்லை. பிறகு கணினியில் திறந்து, சுட்டியைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்கள். எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்குங்கள். மின்னஞ்சல் கட்டத்தில் வேண்டுமென்றே பிழையாக எதையாவது இட்டு, வரும் பிழைச் செய்தி புரிகிறதா என்று பாருங்கள். நான்கு சோதனைகளையும் சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.

மதிப்பீட்டு முறையையும் விசாரியுங்கள். எச்டிஎம்எல் குறிச்சொற்களைத் தாளில் எழுதச் சொல்லும் மூன்று மணி நேரத் தேர்வுக்கே பெரும்பங்கு மதிப்பெண் என்றால், மனப்பாடத்துக்குத்தான் அங்கே பரிசு. கட்டிய தளத்துக்கும், அதை ஆசிரியர் முன் விளக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் எவ்வளவு என்று கேளுங்கள். ஆய்வகம் வகுப்பு நேரத்துக்கு வெளியே திறந்திருக்கிறதா, மாணவர் தளங்களை ஏற்றிவைக்க இடம் தருகிறார்களா என்பதும் கேட்க வேண்டியவை.

கட்டணத்தில் மென்பொருளுக்கென்று பெரிய தொகை இருந்தால் விளக்கம் கேட்கத் தயங்காதீர்கள். விஷுவல் ஸ்டுடியோ கோட், கிட், உலாவிகளின் உருவாக்குநர் கருவிகள், பிஎச்பி, நோட் ஜேஎஸ், போஸ்ட்கிரெஸ் என வலை உருவாக்கத்துக்குத் தேவையான பெரும்பாலானவை இலவசம்.

ஐந்தாம் படி: சேரும் முன் ஒரு பக்கத்தைக் கையால் எழுதுங்கள்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் இதற்கு ஒதுக்குங்கள். எளிய உரைத் திருத்தியில் உங்களுக்குத் தெரிந்த ஏதேனும் ஒரு பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். தலைப்பு, பத்திகள், ஒரு பட்டியல், ஒரு படம், இரண்டு இணைப்புகள் போதும். பிறகு சிஎஸ்எஸ் சேர்த்து அகலம், வரி இடைவெளி, நிறம் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். தமிழில் எழுதினால், தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்று எழுத்துக் குறிமுறையைக் குறிப்பிடாமல் ஒருமுறை திறந்து பாருங்கள். யுடிஎஃப்-8 முறையில் யுனிகோடின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அதை வேறு குறிமுறையாக எண்ணிக்கொண்டு உலாவி படித்தால், அப்படிப்பட்ட ஒவ்வொரு குறிக்கும் பதிலாக மூன்று புரியாத குறிகள் வரும். சில உலாவிகள் சரியாக ஊகித்துவிடும், சில ஊகிக்காது. ஒரே ஒரு வரியைச் சேர்த்ததும் எல்லா உலாவிகளிலும் எழுத்து சரியாக வரும்.

ஏன் அப்படி ஆனது என்று தேடிப் பார்க்கும் ஆர்வம் உங்களுக்கு வந்ததா? வந்திருந்தால் தயங்காமல் சேருங்கள். எரிச்சல் மட்டுமே வந்திருந்தால் இன்னொரு வாரம் முயன்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆறாம் படி: பருவந்தோறும் எதில் கவனம் வைப்பது

தொடக்கத்தில் எந்த ஆயத்த வார்ப்புருவையும் தொடாதீர்கள். சிஎஸ்எஸ்ஸின் பக்க அமைப்பு முறைகளான ஃபிளெக்ஸ்பாக்ஸும் கிரிடும் கைக்குப் பழகும்வரை, பிடித்த பக்க அமைப்புகளைப் பார்த்து நீங்களே எழுதிப் பழகுங்கள். உலாவியின் ஆய்வுக் கருவியைத் திறந்து, ஒவ்வொரு பெட்டியின் உள்ளிடைவெளியும் வெளியிடைவெளியும் எவ்வளவு என்று பாருங்கள். சிஎஸ்எஸ் தாறுமாறாக நடந்துகொள்கிறது என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தப் பெட்டி அமைப்பை ஒருமுறையாவது பொறுமையாகப் பார்க்காதவர்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் தொடங்கியதும் வேகம் குறையும். அது இயல்பு. மாறிகள், செயற்கூறுகள், நிகழ்வுகள், சர்வரிலிருந்து தகவலைக் கேட்டு வாங்குவது என்ற வரிசையில் போங்கள். உலாவியின் ஆய்வுக் கருவியில் உள்ள கன்சோலில் வரும் சிவப்பு எழுத்துப் பிழைச் செய்தியை முழுவதுமாகப் படியுங்கள். எந்தக் கோப்பில் எந்த வரியில் சிக்கல் என்று அதிலேயே இருக்கும்.

சர்வர் பகுதியில் பாதுகாப்பைத் தனிப் பாடமாக எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். பயனர்பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவர் ஒற்றை மேற்கோள் குறியை இட்டு, அதன் பின்னால் தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் எஸ்க்யூஎல் மொழியின் சில சொற்களைத் தட்டச்சு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த உரையை நிரல் அப்படியே தரவுத்தளத்துக்கு அனுப்பும் கேள்வியான வினவலோடு ஒட்டினால், தரவுத்தளம் அதையும் கட்டளையின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைந்துவிடலாம். வினவலையும் மதிப்பையும் தனித்தனியாக அனுப்பினால் இந்த வழி அடைபடும். கடவுச்சொற்களை ஒருபோதும் உள்ளபடியே சேமிக்கக் கூடாது. பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற முறைகளால் திரும்பப் பெற முடியாத வடிவுக்கு மாற்றித்தான் வைக்க வேண்டும். உங்கள் கல்லூரிப் பயிற்சித் தளத்தை நீங்களே இப்படித் தாக்கிப் பாருங்கள். அடுத்தவர் தளத்தில் அனுமதியின்றி முயல்வது பல நாடுகளில் குற்றம்.

வடிவமைப்புப் பக்கம் சாய்ந்தவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் தங்கள் வேலையை மற்றவர்கள் பயன்படுத்துவதைப் பார்க்க வேண்டும். ஒரு சிலரை அழைத்து, ஒரு வேலையைச் சொல்லி, அவர்கள் முடிக்கும்வரை வாய் திறக்காமல் உட்காருங்கள். எந்த இடத்தில் தயங்குகிறார்கள், எதைத் தவறாக அழுத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரோடு சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். அந்த எண்ணிக்கை பற்றி விவாதங்கள் உண்டு. ஆனால் ஒருவரோடும் சோதிக்காமல் மதிப்பெண்ணுக்குச் சமர்ப்பிப்பதைவிட ஐந்து பேர் எவ்வளவோ மேல்.

சட்டகங்களில் ஒன்றை மட்டும் எடுத்து ஆழமாகப் படியுங்கள். 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், 2014-இல் வந்த வியூ என்று எது வேண்டுமானாலும் இருக்கட்டும். ஒன்றில் தேறியவர் மற்றொன்றுக்கு மாறுவது கடினமில்லை.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் இன்று கேட்டவுடன் முழுப் பக்கத்தையும் எழுதித் தந்துவிடுகின்றன. அவற்றை விலக்கிவைக்கச் சொல்ல மாட்டேன். புரியாத ஒரு பிழைச் செய்தியை விளக்கச் சொல்லுங்கள், நீங்கள் எழுதியதில் குறை காட்டச் சொல்லுங்கள். வரி வரியாக விளக்கத் தெரியாத நிரலை மட்டும் உங்கள் பெயரில் சமர்ப்பிக்காதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியே, ‘இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது?’ என்றுதான் வரும். உங்கள் கல்லூரி இதுபற்றி என்ன விதி வைத்திருக்கிறது என்பதையும் பருவத் தொடக்கத்திலேயே படித்துவிடுங்கள்.

பாடத்திட்டத்தில் ஓட்டை இருந்தால் நீங்களே அடைக்கலாம். மோசில்லா நடத்தும் எம்டிஎன் ஆவணங்களும் ஃப்ரீகோட்கேம்ப் பாடங்களும் இலவசம், தரமானவை. டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளத்தை டபிள்யூ3சி நடத்துவதாகப் பலர் எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை.

ஏழாம் படி: இறுதித் திட்டப்பணியும் வேலைத் தொகுப்பும்

நூலக மேலாண்மை, மாணவர் வருகைப் பதிவு என்று ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் தலைப்புகளை விட்டுவிடுங்கள். உண்மையாகவே ஒரு தளம் தேவைப்படும் ஒருவரைத் தேடுங்கள். சிறு அமைப்பாக இருக்கலாம், தனி ஆளாக இருக்கலாம். அவர் சொன்னதை மாற்றுவார், படங்களைத் தாமதமாகத் தருவார், தொலைபேசியில் வேறு மாதிரித் திறக்கிறது என்பார். அவருக்காக அதையெல்லாம் சரிசெய்யும்போது நீங்கள் கற்றுக்கொள்வதை எந்த வகுப்பும் தர முடியாது. என்ன செய்துதருவீர்கள், எதுவரை பராமரிப்பீர்கள் என்பதை மட்டும் முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வேகத்தையும் அளவிடுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், அழுத்தலுக்கான பதில் 200 மில்லி விநாடிக்குள் வர வேண்டும் என்பவை கூகுள் நல்லவை என்று ஏற்கும் அளவுகள். பல மாணவர் தளங்களின் மந்தத்துக்குக் காரணம் கேமராவில் எடுத்தபடியே ஏற்றிய படங்கள்தான். அவற்றைச் சுருக்கினாலே பெரிய மாற்றம் தெரியும்.

வேலைத் தொகுப்பில் மூன்று தளங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கம் எழுதுங்கள்: யாருக்காகக் கட்டினீர்கள், எந்த இடத்தில் சிக்கல் வந்தது, எந்த இரண்டு வழிகளில் ஒன்றை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள். குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். உள்ளகப் பயிற்சிக்குப் போகிறவர்களில், பிறர் எழுதிய பழைய நிரலைத் திருத்தும் வாய்ப்பு உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் அதிகம் பெறுவார்.

எட்டாம் படி: வெளியேறும் முன்

கல்லூரிச் சர்வரில் இருக்கும் எல்லாத் தளங்களையும் தரவுத்தளத்தோடு சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள். மாணவர் கணக்குகள் மூடப்பட்டதும் அவை போய்விடலாம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கல்லூரி மின்னஞ்சலால் திறந்த கணக்கில் உங்கள் சொந்த முகவரியைச் சேர்த்து அதையே முதன்மையாக்குங்கள். மாணவர் சலுகையில் வாங்கிய டொமைன் பெயர் எந்த நாளில் காலாவதியாகிறது, அதன்பிறகு முழுக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் உங்கள் முகவரியைத் திறக்கும்போது 404 என்ற ‘பக்கம் இல்லை’ பிழை வரக் கூடாது. திட்டப்பணிக்காகத் தளம் கட்டிக்கொடுத்தவரிடம் கடவுச்சொற்களையும், தளத்தை எப்படிப் புதுப்பிப்பது என்ற குறிப்பையும் ஒப்படைத்து, அவரே ஒருமுறை உங்கள் கண்முன் ஒரு படத்தை மாற்றிக் காட்டும்வரை உடன் இருங்கள்.